ராட்சசன் கூப்பிட்ட பெயர்

அப்பா,

உன் கறுப்புக் கம்பளியை அம்மா இன்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னாள். நீ போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பிரித்து உதறியதும் நீலகிரித் தைலமும் பீடியும் கலந்த அந்த வாடை வீடு முழுக்க வந்துவிட்டது. வெயிலில் போடட்டுமா என்று கேட்டேன். "போட்டின்னா வாடை பூடும். அப்படியே குடு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எதற்குக் கேட்டாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ என்னிடம் வாங்கிய சத்தியம் போன ஞாயிற்றுக்கிழமை உடைந்துபோயிற்று. உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. முழுக்கக் கேள்.

பெங்களூரில் நான் பார்க்கிற வேலையை உனக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வீடியோ கேமுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை என்றேன். நீ சுரங்க ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த நம் ஊரிகம் லைன் வீடுகள் முழுக்க, "என் பொண்ணு சத்தம் போட்டுச் சம்பளம் வாங்குது. எங்க வூட்டுக்காரி அதையே சும்மா போடுது" என்று சொல்லிவிட்டு வந்தாய். அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா?

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது கிரேக்கப் புராணத்தை வைத்து வந்த ஒரு வெட்டுக்குத்து கேம். முதல் பாகம் நன்றாக விற்றதால் இரண்டாம் பாகம். தேவர்கள் ஏமாற்றிவிட்ட ஒரு வீரன், இரட்டைக் கோடரியோடு பாதாளத்துக்கு இறங்குவான். எதிரில் வருவதையெல்லாம் வெட்டிக்கொண்டே போவான். மூன்று தலை நாய், செத்தவர்களை ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன், எல்லாரையும் தாண்டினால் சங்கிலியில் கட்டிப்போட்ட ஒரு ராட்சசன். பாதாளத்தின் கூரையைத் தோளில் தாங்கி நிற்பவன். அவனைக் கொன்றால்தான் அடுத்த வாசல் திறக்கும்.

என் லேப்டாப்பில் அதைப் பார்த்துவிட்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவனை இன்னாத்துக்கு வெட்றான்? பாவம், கூரையைத் தாங்கினு நிக்கறான். முட்டு குடுத்த கட்டையை உருவினா உருவனவன் தலையிலதான வுழும்? இது கூடத் தெரியாதவன் இன்னா வீரன்?"

நீ சுரங்கத்தில் டிம்பர்மேன். குடைந்த இடத்தில் கட்டை நிறுத்தி, மேல்பாறை சரியாமல் பார்த்துக்கொண்டவன். ராட்சசன் உனக்குச் சக தொழிலாளி ஆகிவிட்டான். அந்த ஒரு கேமில் உனக்குப் பிடித்த ஒரே ஆள் அவன்தான்.

அவன் சாகும்போது போடுகிற சத்தம்தான் எங்களுக்கு அமையவே இல்லை. நடிகர்கள் வந்து கத்தினார்கள். எல்லாம் நடிப்பாகவே இருக்கிறது என்று எங்கள் டைரக்டர் திருப்பி அனுப்பினார். இதை வீட்டில் புலம்பியபோது, "அவனுக்கு நான் கத்தறேன்" என்று நீயாகவே சொன்னாய். சுரங்கத் தூசு நெஞ்சில் ஏறி மூச்சுக்கு இவ்வளவு கஷ்டப்படுகிறாயே, வேண்டாம் என்றேன். "செத்த நேரம்தான, குடுத்துட்டுப் போறேன்" என்றாய்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தெருச் சத்தம் விழாமலிருக்க நாம் இருவரும் இந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம், நடுவில் என் மைக். முதலில் நீ கத்தியது கூத்தில் வருகிற இரணியன் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு, உனக்கு இருமல். கொஞ்ச நேரம் கழித்து நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அன்னிக்கு ஏர் பிளாஸ்ட்ல மாட்டிக்கினியே, அப்ப இன்னான்னுப்பா கத்தினே?"

பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிவதற்கு இங்கே அதுதான் பெயர். மேலே அலமாரியில் பாத்திரம் ஆடும், அவ்வளவுதான். ஆனால் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு அம்மாவும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். மறுநாள் நீ ஆள் ஏற்றும் கேஜில் ஏறி மேலே வந்து அவளிடம் சொன்ன முதல் வார்த்தை: "நீ இன்னாத்துக்கு ஓடியாந்தே? இருட்டா இருந்திச்சு, நல்லாத் தூங்கிட்டேன்மே."

அவள் அதை நம்பினாள். லைனில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். "பாறை வுழுந்தாலும் கொறட்டை வுடுற ஆளு இது." அடுத்த ஷிஃப்டுக்கு உனக்குச் சோறு கட்டினாள். நீ போனபோதும் அதையே சொன்னாள்: பயம்னா இன்னான்னு தெரியாத மனுசன், தூக்கத்திலேயே போயிட்டார். அழாமல் நடமாடினாள். அந்தத் தூக்கக் கதைதான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

கம்பளிக்குள் உன் மூச்சு மட்டும் வந்தது. பிறகு கத்தினாய்.

"ரேணுகா…"

நீ அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இந்தாமே." "ஏமே." அதுதான் அவள். "என் பேரு ரேஷன் கார்டுல இருக்குது, இந்த ஆளு வாயில இல்ல" என்று அவளும் எத்தனை முறை குத்திக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெயர் உன் வாயில் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது. யாருக்கும் கேட்காத இடத்தில் போய்க் கூப்பிட்டிருக்கிறாய்.

இருமி முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாய். "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. நான் தூங்கினேன்னு நெனச்சினு இருக்குது. அப்படியே இருக்கட்டும். சத்தியம் பண்ணு." பண்ணினேன். உன் குரல் என்றே தெரியாதபடி இழுத்து, குலைத்து, மாற்றிவிடுவோம் என்றும் தைரியமாகச் சொன்னேன்.

மாற்றவில்லை. டைரக்டர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் எதிரொலி மட்டும் சேர்த்தார். இதில் இதற்கு மேல் கை வைக்கிறவன் முட்டாள் என்றார். நான் சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். நடக்கவில்லை. கேம் வெளியே வருவதற்குள் நீ போய்விட்டாய். எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்து விளையாடுகிறவர்கள், ராட்சசன் சாகும்போது எந்தத் தேவதையைக் கூப்பிடுகிறான் என்று இணையத்தில் விவாதம் செய்தார்கள். பழைய மொழியில் 'கருணை' என்று அர்த்தம் என ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டு அதைப் படித்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அந்தக் கேமை நம் வீட்டுக்குள் நான் விடவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமுவேலை எப்படித் தடுப்பது? உனக்குத்தான் தெரியுமே, நம் லைன் வீட்டுச் சுவர் சும்மா பேருக்குத்தான். அவன் வீட்டில் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். வாரம் முழுக்க ரயிலில் பெங்களூர் போய் வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் கேம்தான்.

அம்மா அந்தச் சுவரில் சாய்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தலை நாய் உறுமியது. என் கத்தி நின்றுவிட்டது. நான் சேர்த்த உறுமல் எனக்குத் தெரியாதா? அடுத்து ஓடக்காரனின் துடுப்பு. அடுத்து சங்கிலி.

"அம்மா, கடைக்குப் போய்த் தேங்கா வாங்கினு வர்றியா?"

"காலைலதான வாங்கினேன்."

டிவியைச் சத்தமாக வைத்தேன். குறைக்கச் சொன்னாள். சட்னிக்கென்று மிக்ஸியைப் போட்டேன். ஒன்றுமே போடாமல் மூடியை மூடி ஓட்டினால் அவளுக்குத் தெரியாமலா போகும்? "உனக்கு இன்னா கிறுக்கா? காலி மிக்ஸியைப் போட்டுனு நிக்கறே?" அணைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ராட்சசன் சாமுவேலை அடித்து வீழ்த்தியிருந்தான். ஐயோ தெய்வமே, பிழைத்தோம் என்று மூச்சுவிட்டேன். மறுபடியும் சங்கிலிச் சத்தம். மறுபடியும் தோற்றான். உனக்காகக்கூட நான் அப்படிச் சாமி கும்பிட்டதில்லை, அந்த ராட்சசன் ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு வேண்டினேன். ஆனால் சாமுவேல் விடுகிற ஆளா. இந்த முறை சங்கிலி ஒவ்வொன்றாக அறுபடுகிற சத்தம் கேட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"சாமு, ஹெட்செட் போட்டுக்கோ. ப்ளீஸ்டா, உடனே."

"ஒன் மினிட்க்கா, லாஸ்ட் ஹிட்" என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோடரி இறங்கியது. ராட்சசன் மண்டியிட்டான். கூரை நொறுங்கித் தூசு கொட்டியது. அந்தத் தூசுக்குள்ளிருந்து நீ கூப்பிட்டாய்.

"ரேணுகா…"

சாமுவேலின் கை அப்படியே நின்றது. சின்ன வயதிலிருந்து உன் குரலைக் கேட்டு வளர்ந்தவன், அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா பதில் சொன்னாள்.

"இன்னா?"

கையில் வேலையாக இருக்கிறவள் சொல்கிற 'இன்னா' அது, அப்பா. நீ கொல்லையில் சோப்பு கேட்டால் சொல்வாளே, அதே 'இன்னா'. பிறகு முறம் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

செருப்புகூடப் போடாமல் வந்து வாசலில் நின்றாள். சேலையெல்லாம் அரிசி. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்க அவரு?" என்றாள்.

அப்புறம் எப்படி மறைப்பது, நீயே சொல்? கம்பளி, மைக், நான் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் வாங்கியதையும் சொன்னேன். சாமுவேல் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா போடு."

"ஆன்ட்டி, சும்மா போட முடியாது. அவனைத் திரும்பக் கொன்னாதான் கூப்பிடுவான்."

"சரி, ஆடு."

அவன் ஆடினான். ரொம்ப நேரம் ஆயிற்று. அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு சங்கிலி அறுந்தது, ரத்தம் தெறித்தது. இன்னொன்று அறுந்தது. ராட்சசனின் முழங்கால் மடங்கத் தொடங்கியதும் அம்மா எழுந்து போய்த் திரையின் மேல் கையை விரித்து வைத்தாள்.

"நிறுத்துப்பா. கூரையைத் தாங்கினு நிக்கறவனைப் போய் எத்தினி தபா வெட்டுவே?"

நீ சொன்னதையேதான் சொன்னாள். நான் உன் வார்த்தையை அவளிடம் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்து சிந்திய அரிசியைப் பொறுக்கினோம். எனக்குத் தலை நிமிரவில்லை. "அப்பா தூங்கலைம்மா" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"தூங்கற மனுசனுக்கு நகம் எல்லாம் ஏன் பிஞ்சிருக்கும்? வெந்நீர்ல கழுவி மருந்து போட்டது யாரு, நீயா? தூங்கினேன்னு சொன்னாரு. ஆமான்னேன். ஊருக்கெல்லாம் சொன்னேன். அவருக்கு அது தேவையா இருந்திச்சு." அரிசியை முறத்தில் போட்டாள். "கூப்ட்டது தெரியாது. அது மட்டும் தெரியாமப் போச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள், அப்பா. நீ போனதற்கும் சேர்த்து அழுதாள்.

இன்று காலை வந்து கேட்டாள், வெட்டு இல்லாமல், ரத்தம் இல்லாமல் உன் குரல் மட்டும் எங்கேயாவது இருக்கிறதா என்று. இருக்கிறது. கம்பளிக்குள் எடுத்த முதல் பதிவு என்னிடமே இருக்கிறது. கடைசியில் நீ சத்தியம் வாங்குகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். வெட்டியது என்னிடம் இருக்கிறது. அது எனக்கும் உனக்கும் நடுவில் உள்ளது, அதை யாருக்கும் தர மாட்டேன்.

இப்போது அவள் கட்டிலில் உட்கார்ந்து கம்பளியைத் தலையோடு போர்த்தியிருக்கிறாள். உள்ளே போன் வெளிச்சம் தெரிகிறது. முதலில் உன் மூச்சு, அப்புறம் அவள் பெயர். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறாள்.

"இன்னாய்யா, தோ, இங்கதான் இருக்கேன்."