பிரதிவாதி ராத்தாவுக்கு

ராத்தா,

இன்றைக்குக் காலையில் பஸ் பாலாவிச் சந்தியைத் தாண்டியதும் பின்சீட்டில் யாரோ பாண் பார்சலைப் பிரித்தார்கள். மாசிச் சம்பல் வாசனை. நீங்களாக இருக்க முடியாது என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன்.

உம்மாவின் தென்னங்காணியை நம் இருவருக்கும் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போட்ட தங்கச்சி நான். கிணறு உள்ள பக்கம் எனக்கு வேண்டும் என்றேன். அதே பக்கம்தான் வேண்டும் என்று நீங்கள் மறுமொழி போட்டீர்கள். அழைப்பாணை உங்கள் வாசலுக்கு வந்த நாளோடு நமக்குள் கதை பேச்சு நின்றது. பெருநாளுக்குப் புரியாணித் தட்டுக்கூட வேலி தாண்டவில்லை.

ஆனால் வழக்குத் தவணை நாளில் மாம்புரியிலிருந்து புத்தளத்துக்கு நம் இருவருக்கும் ஒரே பஸ்தான். ஊர்ச்சனம் பார்க்கும் வரைக்கும் நீங்கள் ஒரு யன்னல், நான் ஒரு யன்னல். பாலாவி தாண்டியதும் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்து பார்சலைப் பிரிப்பீர்கள். “பசியோட கோட்டுக்குப் போகாத, தின்னு. கிணத்த மட்டும் கேக்காத.” திரும்பி வரும்போது பாலாவியில் மறுபடியும் யன்னல் பக்கம் முகம். இப்படித்தான் என்று நாம் ஒருநாளும் பேசி வைக்கவில்லை.

கோட்டில் எதிராளியோடு ஒரே வாங்குப் பலகையில் இருக்காதீர்கள் என்று என் சட்டத்தரணி தலையில் அடித்துக்கொள்வார். உங்களுக்கு வலக்காது மந்தம், நான் என்ன செய்ய? பிரதிவாதி என்று உங்கள் பெயரைக் கூப்பிட்டால் நான்தானே முழங்கையால் இடிக்க வேண்டும். “எழும்புங்க ராத்தா, ஒங்களத்தான்.” எழும்பி நின்று சீலை முந்தானையைச் சரிசெய்வீர்கள். அதற்குள் யாராவது ஒரு சட்டத்தரணி மோசன் மனுப் போட்டு வேறு தவணை கேட்டிருப்பார். ஒருநாள் உங்கள் பக்கம் மறுமொழியைத் திருத்த வேண்டும், இன்னொரு நாள் என் பக்கம் நிலஅளவை வரைபடத்துக்கு ஆட்சேபணை.

“நான் மௌத்தாகினா இந்த வழக்கும் மௌத்தாகிடுமா?” என்று ஒருநாள் கேட்டீர்கள்.

“இல்ல ராத்தா. ஒங்கட இடத்துல மகளப் போடுவாங்க.”

“அப்ப அவளுக்கு நீதான் சம்பல் கட்டிக்கிட்டு வரணும்” என்று சிரித்தீர்கள்.

நீங்கள் போன பிறகும் கோட்டில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். என் முழங்கை தானாக அசைந்தது. பக்கத்தில் வெறும் வாங்கு. பிரதிவாதி இறந்துவிட்டார், அவர் இடத்தில் மகளைச் சேர்க்க வேண்டும் என்று மோசனும் சத்தியக் கடதாசியும் போட வேண்டுமாம். வழக்காளி நான் கையெழுத்து வைத்தால்தான் வழக்கு நகரும். நான் வைக்கவில்லை. கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன், மரணச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றேன். கையெழுத்து வைத்துவிட்டால் அந்த மண்டபத்தில் உங்கள் பெயரை இனி யாரும் கூப்பிட மாட்டார்களே. எனக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

கடைசியில் உங்கள் மகளே வேலியடிக்கு வந்தாள். “கையெழுத்தப் போடுங்க சாச்சி. உம்மாவ இன்னும் எத்தின தரம் கூப்பிட வைக்கப் போறீங்க?” அழுதுகொண்டே வைத்தேன்.

இன்றைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் காது நல்லாகத்தான் கேட்கும், ஆனால் கண் முழுக்கப் போனில். இடித்தேன். எழும்பி நின்று தலைமுக்காட்டைச் சரிசெய்தாள்.

கிணறு எனக்கு இன்னும் வேண்டும், ராத்தா. அதை விடப் போவதில்லை. ஆனால் அதை நீங்கள் இருந்து மறுக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பாலாவி வந்ததும், பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வந்த உங்கள் மகள், யார் சொல்லிக் கொடுத்தார்களோ, பேச்சை நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள். என் முழங்கை இன்னொரு தரம் அவளை இடித்தது.

“என்ன சாச்சி?”

“ஒண்டுமில்ல மகள். ஊர் வரைக்கும் கதைச்சிக்கிட்டு வா.”