நீ கேட்டது மேசை

காலையில் பீரோவைத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். சேலை முந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அந்த பர்னிச்சர் கடை வாசலில் நின்ற அதே நிற்பு.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நம் மகள்தான் எழுதுகிறாள். நீ போய்ச் சேர்ந்த பிறகு கயத்தாற்றில் அவள் வீட்டுப் பின்னறைதான் எனக்கு. ஒரு கட்டில், இந்தப் பீரோ, நான். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் கட்டிலில் ஏறிக் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். அப்படியும் கதவு பாதிதான் திறக்கும்.

அவள் கோவில்பட்டியில் வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம் உனக்கு நினைவிருக்கும். மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். "கட்டில் வேண்டாம்மா, பாயே போதும். வச்சு எழுதத்தான் ஒண்ணும் இல்ல" என்று உன்னிடம்தான் சொன்னாள். கிடாக்களை விற்ற கையோடு நாம் இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.

நீ நேரே மேசைப் பக்கம் போனாய். நான் கண்ணாடி வைத்த பீரோ முன்னால் நின்றுவிட்டேன். கிடா பிடிக்கிறவன் மாதிரி சுற்றி வந்தேன். விலாவில் தட்டிப் பார்த்தேன்.

"ஏங்க, பிள்ள மேசைல்லா கேட்டா. இது எதுக்கு?"

"ஏட்டி, மேசை ரெண்டு வருசத்துல ஆடிப்போவும். இதுன்னா நாளைக்குச் சீருக்கும் ஆச்சு."

"இதுல எப்படி எழுதுவா? நின்னுக்கிட்டா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "வாய மூடு" என்றேன். நீ சேலை முந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றாய்.

சீருக்கு வாங்கும் பீரோ என்றால் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் கடையைவிட்டு அனுப்புவார்கள். கடைக்காரர் கிண்ணத்தோடு வந்து, "கல்யாணம் எந்த மாசம் அண்ணாச்சி?" என்று கேட்டார். படிக்கிற பிள்ளையின் அறைக்கு என்று சொல்லியிருக்கலாம். வாடகை அறைக்கா கண்ணாடி பீரோ என்று இன்னொரு தடவை சிரிப்பாரே என்று எனக்கு வீம்பு. "பாப்போம், பேசிட்டு இருக்கோம்" என்று சொல்லிவைத்தேன். அவர் பொட்டு வைத்தார்.

மூன்று சக்கர வண்டியில் அது பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனது. நம் ஊர் பஸ் கண்டக்டர் படியில் நின்று, "என்ன மாமா, சொல்லாமக் கொள்ளாமச் சீர் போவுது! எங்களுக்குச் சாப்பாடு உண்டா, இல்லையா?" என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாடிப்படி குறுகல். கயிறு கட்டித் தூக்கி உள்ளே வைத்ததும் அறை அடைந்துபோயிற்று. மூன்று பிள்ளைகளும் முழங்காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். நம் மகள் பீரோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "மேசை அப்புறம் வருமாப்பா?" என்றாள்.

எட்டாம் நாள் கயத்தாற்றில் இருந்து அக்கா வந்துவிட்டாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏலே தம்பி, பொட்டு வச்சு ஊரறியப் பீரோ கொண்டுபோயிருக்க. எம்மவன் இருக்கும்போது அது யாருக்குலே?"

கல்யாணத்துக்கு இல்லை என்றால் நம்ப மாட்டாள். வேறு இடம் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு அன்றோடு உறவை முறித்துவிடுவாள். கருவேல முள்ளில் கொம்பு மாட்டிய ஆடு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. "உம் மவனுக்குத்தான்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

நீ அடுப்படியில் இருந்து ஓடிவந்தாய். "மயினி, பிள்ள படிச்சு முடிக்கட்டும்."

"யாரு வேண்டாம்னா? கல்யாணத்த முடிச்சிட்டுப் படிக்கட்டும்."

இரண்டாம் வருடம் பங்குனியில் கல்யாணம். அந்தப் பீரோவே சீராகக் கயத்தாற்றுக்குப் போனது. வைகாசியில் கடைசிப் பரீட்சை. அக்கா பிள்ளையை அனுப்பவில்லை. வீட்டில் வேலைக்கு ஆள் இல்லையாம்.

"நீங்க போய்க் கேளுங்க. பீரோவ அவியளே வச்சுக்கிடட்டும். பிள்ளைய மட்டும் பரீட்சைக்கு விடச் சொல்லுங்க" என்று என்னை பஸ் ஏற்றிவிட்டாய். நான் கயத்தாற்றுக்குப் போனேன். அக்கா காப்பி கொடுத்தாள். மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம். திரும்பி வந்து உன்னிடம், "கேட்டேன், விட மாட்டேங்காவ" என்றேன். நான் கேட்கவே இல்லை. இத்தனை வருடம் கழித்து இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பழுத்த தாள். கடைக்காரர் ஒட்டியது என்றே நினைத்திருந்தேன். இன்று வேட்டி மடித்து வைக்க வந்தவளிடம், "அது என்னம்மா?" என்று கேட்டேன்.

"பரீட்சை தேதிப்பா. கூடப் படிச்சவ கொடுத்தனுப்பினா" என்றவள் வாசித்தும் காட்டினாள். திங்கள் உளவியல். புதன் கணக்கு. வெள்ளி தமிழ். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டே, "நீங்க வந்து காப்பி குடிச்சிட்டுப் போனீங்களே, அன்னைக்கு இது இங்கனதான் இருந்துச்சு" என்றாள். கிழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திங்கள், புதன், வெள்ளி. ஒரு தடவை கேட்டதிலேயே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

நான் கேட்கவே இல்லை என்று சொன்ன இடத்தில் பேனா நின்றது. "எழுதும்மா" என்றேன். "எழுதுதேன்ப்பா" என்றாள். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துத்தான் எழுதுகிறாள்.