உடும்பு கடித்த கைக்கு நான் போட்ட கட்டு

ஆனி 4, திங்கள்.
காலையிலிருந்தே புழுக்கம். மாட்டுக்குப் புதுக் கயிறு திரித்தேன். பத்து மணிக்குத் தங்கை மங்காவின் அலறல். அவள் புருஷன் முனுசாமி மாமரப் பொந்தில் கை விட, உடும்பு கடித்துவிட்டது. நாலு முழ உடும்பு. (மங்கா ஒரு முழம் என்கிறாள். பயத்தில் அவளுக்கு அளவு தெரியவில்லை.) வலது கட்டைவிரல். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிற கை. அது போனால் குடும்பமே போச்சு.

வேப்பிலை மெல்லக் கொடுத்தேன். விஷம் ஏறியிருந்தால் கசக்காது.

"கசக்குது மச்சான், த்தூ!"

ஆஸ்பத்திரிக்குப் பயந்து பொய் சொல்கிறான். முழியே சரியில்லை. புதுக் கயிற்றால் மணிக்கட்டை இறுக்கினேன். நூறு கடி பார்த்தவன் நான். திருப்பதி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்.

ஆனி 5, செவ்வாய். திருப்பதி ஆஸ்பத்திரி.
நேற்று ரேணிகுண்டாவில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. டிரைவர் வேண்டுமென்றேதான்.

"வெரலு மரத்துப் பூட்ச்சி மச்சான், அவுத்துடு."

"அது விஷம் ஏறிக்கினு கீது மாப்ளே, சும்மா இரு."

இன்னொரு சுற்றுப் போட்டேன்.

இங்கே கம்பவுண்டர் தெலுங்கு கலந்து, "ஏ ஊரய்யா? ஆந்திராவா, மெட்ராஸா?" எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்ற எல்லைத் தகராறே இன்னும் தீரவில்லை, இவனுக்கெதற்கு? ஊசியில் வித்தியாசமோ?

டாக்டர் முதலில் கயிற்றைத்தான் வெட்டினார். கை நீலம்.

"உடும்பு கடிச்சி யாரும் சாகறதில்ல. நல்லா கழுவி, சீழ் வைக்காம ஊசி போட்டா ஆறிடும். கைய கெடுத்தது கயிறு. யார் கட்டினது?"

"வழியில ஒரு நாட்டு வைத்தியருங்க" என்றேன்.

மங்கா என்னைப் பார்த்தாள்.

ஆனி 7, வியாழன். தூறல்.
நாலு விரலில் சூடு வந்துவிட்டது. கட்டைவிரல் சில்லென்று. வெட்டின கயிறு மங்காவின் பையில். எதற்காம்?

"மாட்டுக்குத்தான் ண்ணா."

துண்டுக் கயிற்றில் எந்த மாட்டைக் கட்டுவாள்?

முனுசாமி பக்கத்துக் கட்டில்காரனிடம், "மச்சான் இல்லன்னா செத்துப் பூட்டிருப்பேன்." மனதாரச் சொல்கிறானா, குத்துகிறானா?

வேப்பிலை கசந்தது என்றானே.

ஆனி 8, வெள்ளி.
டாக்டர் கட்டைவிரலில் ஊசியால் குத்தினார். "தெரியுதா?"

முனுசாமி விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

"தெரியுது சார்."

இப்போதுதான் பொய் சொல்கிறான்.