நடக்காத சாவுக்கு எடுத்த லீவு

அன்பு மகன் ஜிபினுக்கு அம்மா சொல்லி அனுப்புவது. இங்கே நானும் அப்பாவும் ஷைஜாவும் மாதாவின் தயவில் சுகமாய் இருக்கிறோம், நீயும் பஹ்ரைனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு. சொல்லுகிறது நான், எழுதுகிறது உன் தங்கச்சி. போனில் சொல்ல வேண்டியதுதான், ஆனால் பாதி சொல்லும்போதே நீ கத்துவாய், நான் அழுவேன், அதற்குள் நெட்டும் போய்விடும். ஜெப்சன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் நெத்திலிக் கருவாடும் ஏத்தங்காய் வற்றலும் கொடுத்து விடுகிறேன், அதோடு இதுவும் வரும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஷைஜாவின் வேலை போகவில்லை. இனி நிதானமாய் வாசி.

கம்பெனிக்காரர்கள் எழுதினதில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையை விடச் சொல், நான் அனுப்புகிறது போதாதா என்று போன வாரம் சொன்னாயே, அது பாசத்தில் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவள் போனை என் கையில் தந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது மக்கா. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கப் பயந்து, இனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றுவிட்டவள், வலைக் கம்பெனிக்கு மட்டும் காய்ச்சலோடும் போனாள். மெஷினில் இருந்து வருகிற வலையை விரித்துப் பார்த்து, அறுந்த கண்ணியைத் தேடி முடிகிற வேலை, யாரிடமும் வாய் திறக்க வேண்டாம், அது அவளுக்குச் சுகம். ஒரு வருஷம் ஆனதும் மார்க்குப் போடுவார்கள், நல்ல மார்க்கு என்றால் நிரந்தரம், மோசம் என்றால் வீட்டுக்குப் போ என்பார்கள். அந்த மார்க்கில்தான் இத்தனை பாடும்.

சிலுவைதாசன் மாமாவும் ஆன்ட்ரூஸும் போன வள்ளம் கரைக்கு வராமல் போனது உனக்குத் தெரியும். கடலில் போனவன் திரும்பி வருகிறவரைக்கும், இல்லையென்றால் அடக்கம் முடிகிறவரைக்கும் நம் ஊரில் ஒருத்தரும் கடலுக்கோ வேறு வேலைக்கோ போகமாட்டோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வள்ளமெல்லாம் தேடப் போயிற்று, உன் அப்பாவும் போனார். நான் மீன் விற்கிற சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குருசடியில் செபமாலைக்கு உட்கார்ந்தேன். ஷைஜா சூப்பர்வைசர் செல்லபாய்க்குப் போன் போட்டு, ஊரில் துக்கம், வரமுடியாது என்றாள். அந்த அம்மா பூதப்பாண்டிக்காரி, வயல் பக்கத்து ஆள், கம்பெனியில் நம் கரையில் இருந்து போகிறது இவள் ஒருத்திதான். சொந்தக்காரரா என்று கேட்டதற்கு, ஊர் முறைக்குத்தானே மாமா, இவள் இல்லை என்றிருக்கிறாள். அடக்கம் எப்போது என்றதற்குத் தெரியாது என்றிருக்கிறாள். அவ்வளவுதான் பேச்சு. அப்பா தேடப் போயிருக்கிறார் என்றாவது சொன்னியாட்டி என்று பிறகு கேட்டேன். அப்பா போகாட்டாலும் நான் வேலைக்குப் போயிருக்கமாட்டேனே, பிறகு அதை எதுக்குச் சொல்லணும் என்கிறாள். இவளை என்ன செய்ய.

மூன்றாம் நாள் ஒரு விசைப்படகு அவர்கள் இரண்டு பேரையும் வள்ளத்தோடு கட்டி இழுத்துக்கொண்டு வந்ததும், எஞ்சின் பழுதாகி விழிஞ்ஞத்துக்கும் அப்பால் போய்விட்டதும் நீ கேட்டதுதான். ஊரே கரையில் நின்று அழுதது, மாமா இறங்கினதும் இறங்காததுமாக, அழுகிறவர்களில் யாராவது ஒருத்தி போய் டீ போடுங்கட்டி என்றார். மறுநாள் இவள் சந்தோஷமாய் வேலைக்குப் போனாள். செத்தது யாருட்டி என்று செல்லபாய் கேட்க, யாரும் சாகல்ல அக்கா, வந்துட்டாங்க என்று இவள் சிரித்தாளாம். அதுதான் வினையாய்ப் போயிற்று. செத்தவனே இல்லாத துக்கத்துக்கு லீவா, அடுத்த தடவை ஆளு செத்த பிறகு போன் பண்ணுட்டி என்று செல்லபாய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். மார்க்குத் தாளிலும் பொய் சொல்லி லீவு எடுப்பவள், பொறுப்பில்லை என்று எழுதி, அதற்குக் கீழே யாரிடமும் பேசுவதில்லை என்றும் எழுதிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், இவள் மட்டும் பேனாவை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம். பேசவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் திங்கட்கிழமை மேனேஜர் சாரிடம் வந்து சொல் என்று விட்டார்கள்.

நான் வந்து பேசுகிறேன் என்றேன். நீ வந்து பேசினா கம்பெனியை மூடிட்டுப் போயிருவாங்க, வேண்டாம்மா என்றாள். நான் கேட்பேனா, அவள் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் அயிலை மீன் சட்டியோடு போய்க் கம்பெனி கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன். காவல்காரர் வாங்கினார், டீக்கடைக்காரர் வாங்கினார், நான் மீனைக் கொடுத்துக்கொண்டே கண்ணை அந்தக் கதவில்தான் வைத்திருந்தேன். அந்தப் பார்வையில் ஒருத்தருக்கு மீனைக் கூடுதலாகவே போட்டுவிட்டேன். உள்ளே நடந்ததை ஷைஜா சொல்லி நான் அறியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மீன் வாங்க வந்த அதே செல்லபாய்தான் சொன்னாள், உம் மவளுக்கும் வாயில நாக்கு இருக்குன்னு இன்னைக்குத்தான் பாத்தேன் என்று. நல்ல மார்க்கு வேணுமா என்று சார் கேட்டிருக்கிறார். மார்க்கு இருக்கட்டும் சார், பொய்யின்னு எழுதினதை மட்டும் வெட்டணும் என்றாளாம் இவள். ஆள் சாகவில்லையே என்றதற்கு, வருவாங்களா வரமாட்டாங்களான்னு தெரியாமத்தான் சார் நின்னோம், அவங்க உயிரோட வந்துட்டதால நாங்க நின்னது பொய்யாயிருமா என்று கேட்டாளாம். சார் மார்க்குத் தாளைத் தன் பக்கம் இழுத்தாராம். இதை அன்னைக்கே போன்ல சொல்லியிருந்தா நான் ஏன் அப்படி எழுதப்போறேன் என்று என்னிடம் சொன்னாள் செல்லபாய். அதிலும் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை, நல்ல மீனாய்ப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

அந்த வரியை சார் தன் கையாலேயே வெட்டிக் கையெழுத்துப் போட்டார். லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் கிடையாது, அது போகட்டும், வருகிற மாதம் முதல் நிரந்தரம். யாரிடமும் பேசுவதில்லை என்று இருக்கிறதே, அதையும் வெட்டவா என்று கேட்டாராம், அது இருக்கட்டும் சார், அது உண்மைதான் என்றாளாம். இதை எழுதும்போது அவள் காது சிவக்கிறது, எழுதட்டி என்று நான்தான் பக்கத்தில் இருந்து மிரட்டுகிறேன். சிலுவைதாசன் மாமா விஷயம் கேள்விப்பட்டு வந்து, நான் மட்டும் செத்திருந்தா உனக்கு முதல் மார்க்குக் கிடைச்சிருக்குமே மக்கா, கெடுத்துட்டேனே என்றார். நாக்கை அடக்கும் என்று நான் சத்தம் போட்டேன், அப்புறம் எனக்கே சிரிப்பு வந்து, அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறார உண்டேன்.

நீ இனி அவளை வேலையை விடச் சொல்லாதே. அங்கே மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போது மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள், சூடு என்று கழற்றி வைக்காதே, கருவாட்டைத் தனியாகத் தின்னாமல் கூட இருக்கிறவர்களுக்கும் கொடு. கடல் மாதா உன்னைக் கரையில் இருந்து கரைக்குக் கைபிடித்துக் கொண்டுவரட்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
ஜெபமணி

அண்ணா, கீழே என்னையும் ஒரு வரி எழுதச் சொல்கிறாள் அம்மா. நீ கடலுக்குப் போகும்போது வாட்ஸ்அப்பில் ஒரு சொல் போடு, திரும்பி வந்ததும் ஒரு சொல் போடு. லீவு கேட்க எனக்கு இப்போது தெரியும். ஆனால் உன் பேரைச் சொல்லிக் கேட்க வைத்துவிடாதே.
ஷைஜா