உதவி தேவையில்லை என்ற தாள்

கெல்சென்கிர்ச்சன்
மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று தொடங்கலாம் என்றால் அம்மாவின் முழங்கால் சம்மதிக்காது. வைத்தியரைப் பார்க்க டெர்மின் ஜூன் கடைசிக்குத்தான் கிடைத்தது. எனக்குப் பரீட்சை நடக்கிறது, இதுவரை பரவாயில்லை. போனில் சொல்ல ஏலாத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஹோட்டலில் கூட வேலை செய்யும் ஆட்களுக்கு முன்னால் பிரிக்காதீர்கள். அறைக்குப் போய் வாசியுங்கள்.

பெப்ரவரியில் நீங்கள் லீவில் வந்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இது என்ன பிள்ளை என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுமதி என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். பத்து வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன். நான் விரல் வைக்கும் இடத்தில் நீங்களும் அம்மாவும் கையெழுத்துப் போடுவீர்கள். ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அது சுற்றுலாத் தாள் இல்லை அப்பா.

இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புது விதி. பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் படிப்புதவிக்குக் கடைசி வகுப்பில் எல்லாரும் விண்ணப்பம் நிரப்பிக் காட்டவேண்டும். இல்லையென்றால், உதவி தேவையில்லை என்று பெற்றோர் கையெழுத்திட்ட தாள் கொடுக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் சான்றிதழ் விழாவில் பெயர் கூப்பிடமாட்டார்கள். உரிமை இருந்தும் பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்களாம். நல்ல எண்ணம்தான். ஆனால் ஆசிரியை அதை எல்லாருக்கும் முன்னால், மேசையில் இரண்டு அடுக்காக வாங்கினார். யாரிடம் பணம் இல்லை என்று அறிய அரசாங்கத்துக்கு இத்தனை பக்கங்கள் வேண்டும். எங்கள் வகுப்புக்கு ஐந்து நிமிஷம் போதுமாக இருந்தது.

பல்வைத்தியரின் மகன் எமில், தேவையில்லை என்ற தாளை வைத்தான். என்னுடையதை அதன் மேல் வைத்தேன். என் சிநேகிதி வேணுஜா தன் விண்ணப்பத்தை மற்ற அடுக்கில் வைத்தாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறா. அதை அப்படியே எழுதியிருந்தாள். வெளியே வந்ததும், உங்கட அப்பா மியூனிக்கில ஹோட்டலையே வாங்கிப்போட்டாரோ, எங்களுக்கு ஒரு பார்ட்டியும் இல்லையேடி என்று சிரித்தாள். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நீங்கள் அங்கே தலைமைச் சமையற்காரர் என்று மூன்று வருஷமாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். விண்ணப்பத்தில் தகப்பனின் தொழில் என்று ஒரு கோடு. பாத்திரம் கழுவுபவர் என்று எழுதக் கை வரவில்லை. பொய் சொன்ன வாய்க்கு அந்த வேலையின் சம்பளத்தில்தான் சாப்பாடு.

ஏப்ரலில் உங்கள் பார்சல் வந்தது. நீல மழைச்சட்டை. சுற்றுலாவில் நனையாதே என்று ஒரு துண்டுக் காகிதம். அம்மா போட்டுக் காட்டச் சொன்னா. போட்டேன். அளவு சரி என்று சந்தோஷப்பட்டா. கழற்றி அலுமாரியில் வைத்தேன். விலைச்சீட்டு இன்னும் அதில்தான் தொங்குகிறது.

வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. பதினைந்தாம் திகதிக்குள் விண்ணப்பம் கொண்டுவந்தால் அந்தத் தாளைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். இந்த உதவி இல்லாமல் நான் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போக ஏலாது. அதற்காக மட்டும்தான் இப்போது உண்மை சொல்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

நீங்கள் கையெழுத்திட வேண்டிய பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தொழில் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறேன், பிறகு அழித்துவிடுவேன். இந்த முறை எந்த இடத்திலும் நான் விரல் வைக்கவில்லை. முழுக்க வாசியுங்கள். அதற்குப் பிறகும் மனம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

விழா ஜூன் 27. லீவு கேளுங்கள் அப்பா. எமிலின் அப்பாவோ யாரோ வந்து, உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன். இந்த முறை சரியாக.

உங்கள் கோபம் எதுவானாலும் ஏற்கக் காத்திருக்கும்,
மகள் தேனுஜா