மைனா சொல்லாத வரி

ஜூலை 3

மகா எழுத்தாளருக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நம் மகள் திக்கிப் பேசுவதைப் பற்றி வாரப் பத்திரிகையில் எழுதித் தள்ளினீர்களே, அதை அவள் வகுப்பில் ஒருத்தி உரக்க வாசித்திருக்கிறாள், மைனா மாதிரியே திக்கிக் காட்டிக்கொண்டு. நாலு நாளாக மைனா பள்ளியில் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குகிறாளாம். பிரிந்துபோன பிறகாவது எங்களை நிம்மதியாக விடக் கூடாதா? உங்கள் கட்டுரைகள் புத்தகமாக வருகின்றனவாமே. அதில் இது இருக்கக் கூடாது.

மைனாவின் அம்மா

ஜூலை 9

அன்புள்ள (பழக்கதோஷம், கண்டுகொள்ளாதே),

பதினோரு வருடம் என் கட்டுரைகளுக்கு மெய்ப்புத் திருத்தியவள் நீ. ஒருவர் பேசியதை அவருக்கே போனில் படித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதுண்டா? அமைச்சரானாலும் காய்கறிக்காரரானாலும் ஒரே நியாயம். மைனாவையும் கேட்டுத்தான் எழுதினேன். கட்டுரையின் கடைசி வரியே அதுதானே: "'எழுதுங்கப்பா' என்றாள் மகள், ஒரு தடவைகூடத் திக்காமல்." அந்த வரியைப் படித்து அழுததாக வாசகர்கள் எழுதிக் குவிக்கிறார்கள். உனக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

மைனாவின் அப்பா

ஜூலை 14

ஐயா,

வயிற்றெரிச்சல்தான். பெற்ற வயிறு எரியாதா?

அந்த வரியை அவளிடம் காட்டினேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நீங்கள் கேட்டீர்களாம். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாளாம். அதற்குள் பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் வந்ததும், "சரிம்மா, சரிம்மா" என்று முதுகில் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டீர்களாம். அவளுக்குப் பதில் வர அரை நிமிடம் ஆகும். காய்கறிக்காரருக்குக் காத்திருந்த மனுஷனுக்கு அந்த அரை நிமிடம் இல்லையா? சொல்லாததைச் சொன்னதாக எழுத எப்படி ஐயா கை வந்தது?

மெய்ப்புத் திருத்தியவள்

ஜூலை 18

உன் உபதேசம் கிடைத்தது. அவள் மனதில் இருந்தது அதுதான், முகத்திலேயே தெரிந்தது. பெத்த அப்பனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? அந்த வரி போனால் கட்டுரை செத்துவிடும். புத்தகம் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசி மெய்ப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். புதன்கிழமை மாலை போன் செய்கிறேன். வேண்டாம் என்று அவளே வாயால் சொல்லட்டும், எடுத்துவிடுகிறேன். நீ நடுவில் பேசாதே.

ஜூலை 24

அப்பாவுக்கு,

நேற்று போனில் நான் சொல்ல ஆரம்பித்தேன். "கேக்கல, சத்தமா சொல்லும்மா" என்றீர்கள். மறுபடியும் ஆரம்பித்தேன். "சரி, புரிஞ்சுது, ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்று வைத்துவிட்டீர்கள். அம்மா பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வினாடி. எனக்கு இன்னும் கொஞ்சம்தான் வேண்டியிருந்தது.

எழுதும்போது எனக்குத் திக்காது. உங்கள் மெய்ப்பில் கடைசி வரியை அம்மாவின் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். நான் சொல்ல வந்ததை ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: "வேணாம்ப்பா." அன்று நீங்கள் நேரில் கேட்டபோதும், நேற்று போனிலும், அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மெய்ப்பின் நகலைப் பதிப்பகத்தில் கொடுக்க அம்மா போயிருக்கிறாள்.

சரிதானா என்று கேட்டு இனி எனக்குப் போன் செய்ய வேண்டாம். நான் எடுக்க மாட்டேன்.

உங்கள் கட்டுரையில் வந்த மகள்