ஒரு துளை தள்ளி

சோற்றைப் பிசையும்போது கையில் ரப்பர் வாடை அடிக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தும் பார்த்தேன், போகவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் இந்த வாடையோடுதான் சாப்பிட உட்காருவீர்கள். நான் கத்துவேன். இன்றைக்கு என் கை நாறுகிறது, கத்துவதற்கு நீங்கள் இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நல்ல வார்த்தை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் காடி, அந்தப் பழைய கார் விஷயம்தான். வேறென்ன இருக்கப் போகிறது?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அது போர்ச்சிலேயே நின்றது. மகன் அவ்வப்போது சாவியைப் போட்டு ஓடவிடுவான். முதலில் ஒழுங்காக ஓடியது. பிறகு இருமியது. மழைக்காலம் வந்ததும் ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. மருமகள் மாசமாக இருக்கிறாள், தெரியுமா? உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது. போர்ச்சை உங்களுடையது அடைத்துக்கொண்டதால் அவர்கள் காடி ரோட்டோரம் மரத்தடியில் நிற்கிறது. மழையில் குடை பிடித்துக்கொண்டு அவள் அதுவரை நடந்து போகிறாள். ஒரு நாள் கால் வழுக்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் மகன் வாய் திறந்தான்.

"அம்மா, நான் கோவத்துல சொல்லல. சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். ஸ்டார்ட் ஆச்சுன்னா அது பின்னாடி கொட்டாய்க்குப் போகட்டும், நானே ஓட்டிக் கொண்டு போய் வெக்கிறேன். ஆகலன்னா பழைய இரும்புக்காரன் லோரி வரும். ஓகே லா?"

சரி என்றேன். அவன் கேட்டதில் தப்பு இல்லை. அதுவுமில்லாமல் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. போனட்டைத் திறந்து பார்த்திருந்தேன். பிளக் வயர்கள் காய்ந்த கருவாடு மாதிரி தோல் வெடித்துக் கிடந்தன. வயர்தானே? செனாய் ஊர் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடம் வயர் கோத்தவள் நான். இதை மாற்றத் தெரியாதா எனக்கு?

ஆன்லைனில் புது செட் ஒன்று வரவழைத்தேன். நல்ல சிவப்பு. பொட்டலத்தின் மேல் 'எல்லாப் பழைய கார்களுக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் ஒழுங்காகப் பொருந்தாது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்தால் ஒரு வயர் பக்கத்து வீடு வரை நீளம். இன்னொன்று எட்டியும் எட்டாமலும் நின்றது.

என்ஜினில் பிளக் நான்கு. அந்த நான்கிலிருந்தும் வயர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வர வேண்டும். அந்தக் கறுப்பு மூடியைச் சுற்றி நான்கு துளை, நடுவில் ஒன்று. எந்த வயர் எந்தத் துளைக்கு என்பதுதான் எல்லாமே. மாற்றிச் செருகினால் நெருப்பு தப்பான நேரத்தில் தப்பான இடத்துக்குப் போகும். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நான் நான்கையும் ஒன்றாகப் பிடுங்கிப் போட்டேன். ஏனென்றால் எங்கள் ஃபேக்டரியில் படம்தான் சாமி. முன்னால் இருக்கும் பொருளைப் பார்த்துச் செய்தால் சூப்பர்வைசர் கிழித்துவிடுவாள். "சாம்பிள நம்பாத, டிராயிங்க நம்பு" என்பாள். உங்கள் ரிப்பேர் புத்தகத்தில் படம் இருந்தது. அதை நம்பினேன்.

செருகுவதே பெரும்பாடு. வயர் நுனியில் இருக்கும் ரப்பர் தொப்பியை அழுத்தி உட்கார வைத்தால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அதை மெல்ல மேலே தூக்கிவிடும். அழுத்துவேன், அது எழும். மறுபடி அழுத்துவேன், மறுபடி எழும். உங்களோடு குடும்பம் நடத்தியதும் ஏறக்குறைய இப்படித்தான். கடைசியில் கொண்டை ஊசியை எடுத்து ரப்பர் ஓரத்தில் செருகினேன். 'புஸ்' என்று காற்று வெளியே போனது. அழுத்தினேன், 'கிளிக்'. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஃபேக்டரியில் கற்றது அதுதான்: தள்ளு, கேள், இழு. நான்கையும் அப்படியே முடித்துவிட்டு, உங்களை நினைத்து, மீசையை முறுக்காத குறையாக நிமிர்ந்து நின்றேன்.

சாவியைத் திருப்பினேன். டமார்!

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். வேலிக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், "அலமாக்!" என்று நெஞ்சில் கை வைத்தார். மறுபடி திருப்பினேன், மறுபடி டமார். புத்தகத்தைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தது. மறுநாளும் அதே கதை. சரியாகச் செய்தும் தப்பாகப் போகிற ஒரு வேலையைவிட எரிச்சலானது உலகத்தில் இல்லை. உங்களைத்தான் திட்டினேன், வாய்விட்டே. மக்சிக்குக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் லோரி. முக்காலியைப் போட்டு காடி முன்னால் உட்கார்ந்திருந்தேன். தூறல் போட்டது. அப்போதுதான் அந்த இன்னொரு மழை நாள் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை முழுசாகக் கழற்றிப் போட்டிருந்தீர்கள். கோயிலுக்குக் கிளம்பி நின்ற என்னைக் கூப்பிட்டீர்கள். "கட்டை விரல வச்சு இந்த ஓட்டைய அடச்சுக்க. காத்து தள்ளுச்சுன்னா சொல்லு." பட்டுப் புடவையோடு குனிந்து, முதல் பிளக் துளையில் விரலை வைத்தேன். நீங்கள் கீழே ஸ்பேனரால் என்ஜினைத் திருப்பினீர்கள். திடீரென்று காற்று விரலை முட்டித் தள்ளியதும் நான் அலறினேன். நீங்கள் சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாக எல்லாவற்றையும் பூட்டினீர்கள். வயரைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன்: "படத்துல வேற மாதிரி இருக்கே?"

"ஓடுதில்ல, விடு."

அந்த வார்த்தை! குழாயை இடப்பக்கம் திருப்பினால் மூடும்படி வைத்தீர்கள், கேட்டால் ஓடுதில்ல, விடு. குளியலறை விளக்குக்குச் சமையலறையில் சுவிட்ச் வைத்தீர்கள், எரியுதில்ல, விடு. நம் சண்டைகளில் பாதி இந்த 'விடு'வில்தான் தொடங்கியது.

எழுந்து மகனைக் கூப்பிட்டேன். "அந்த ஸ்பேனர எடு. மெதுவா திருப்பு." பிளக்கைக் கழற்றிவிட்டுத் துளையில் கட்டை விரலை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அதே காற்று, அதே முட்டல். இந்தத் தடவை நான் அலறவில்லை. விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "கையில அடிபட்டுச்சா?" என்றான் அவன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, சக்கரத்தில் இருந்த கோடு நேராக வரும் வரை திருப்பச் சொன்னேன்.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சுழலும் முள், புத்தகம் சொல்லும் துளையைப் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த துளையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அடப்பாவி மனுஷா! அன்றைக்கு மழை அவசரத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டைத் திரும்பினாற்போல் இறக்கிவிட்டிருக்கிறீர்கள். மறுபடி கழற்றச் சோம்பல்பட்டு, நான்கு வயரையும் ஒரு துளை தள்ளிச் செருகிவிட்டீர்கள். ஒரு தப்பை இன்னொரு தப்பால் நேராக்கி, இத்தனை வருடம் என்னை அதில் ஏற்றிக்கொண்டு பத்து பகாட் ஊர் வரை போய் வந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு வயரையும் பிடுங்கி ஒரு துளை தள்ளிச் செருகினேன். கொண்டை ஊசி, புஸ், கிளிக். மகன் சாவியைத் திருப்பினான்.

ஓடியது. இருமல் இல்லை, வெடி இல்லை. உங்கள் காலை நேரச் சத்தம் அப்படியே வந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தான். பிறகு போனை எடுத்து லோரிக்காரனிடம் வர வேண்டாம் என்றான். மழை விட்டதும் காடியைக் கொட்டாய்க்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து, துணியில் கை துடைத்தபடி கேட்டான்.

"அம்மா, நாளைக்கு அந்த டிஸ்ட்ரிபியூட்டர கழட்டி, புத்தகத்துல இருக்கற மாதிரியே கரெக்டா வச்சிடலாமா? பின்னாடி யாராச்சும் வயர் மாத்துனா உங்கள மாதிரிதான் குழம்பிப் போவாங்க."

நியாயமான பேச்சு. வார்த்தைக்கு வார்த்தை நான் உங்களிடம் பேசியிருக்கக்கூடிய பேச்சு. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதைச் சரிசெய்துவிட்டால் அப்புறம் அது வெறும் காடிதானே? கோபித்துக்கொள்ளக்கூட உங்கள் கைவேலை அதில் மிச்சம் இருக்காது. என்னால் முடியவில்லை.

"ஓடுதில்ல, விடு" என்றேன்.

நான் நிற்கவில்லை. உள்ளே வந்து, சமையலறையில் சுவிட்சைத் தட்டிவிட்டு, கை கழுவக் குளியலறைக்குப் போனேன்.